அணு உலையும் அடமானப் பத்திரமும்

2025 ஜூன் மாதத்தில் வாஷிங்டனில் உலக வங்கியின் டைரக்டர்கள் கூடி ஒரு முடிவு செய்தார்கள். அணு மின் நிலையம் கட்ட விரும்பும் நாடுகளுக்கு இனிமேல் உதவி செய்யலாம், கடனும் கொடுக்கலாம் என்பதே அந்த முடிவு. இத்தனை காலமாக உலக வங்கி இந்தக் காரியத்தில் கை வைக்காமல் ஒதுங்கியிருந்தது. அதன் சரித்திரத்திலேயே ஒரே ஒரு தடவைதான் அணு உலைக்குக் கடன் கொடுத்திருக்கிறது. 1959இல் இத்தாலிக்கு 4 கோடி டாலர். அந்தப் பணத்தைக் கொண்டு இத்தாலி கட்டியது யாருடைய உலை? அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் உலை. வாஷிங்டனில் புறப்பட்ட பணம் அமெரிக்க முதலாளியின் கல்லாப் பெட்டியில் போய் விழுந்தது. வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டிய பொறுப்பு மட்டும் இத்தாலியின் தலையில் விழுந்தது.

இப்போது மறுபடியும் அந்தக் கதவைத் திறந்திருக்கிறார்கள். அமெரிக்க சர்க்காரின் வெளிநாட்டு முதலீட்டு நிறுவனம் 2020லேயே தன் தடையை நீக்கிவிட்டது. ருஷ்யாவும் சீனாவும் ஏழை நாடுகளில் உலை கட்டிக்கொண்டு போகின்றன, நாம் மட்டும் பார்த்துக்கொண்டு இருப்பதா என்று அப்போது அங்கே வெளிப்படையாகவே பேசினார்கள். ஏழை நாட்டின் குடிசையில் விளக்கெரிய வேண்டும் என்ற கவலையா அது? ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

ஆனால் நம் மில் தோழர்கள் ஒரு நியாயமான கேள்வி கேட்கக் கூடும். கரண்டு நின்றால் ஷிப்டு நிற்கிறது, கூலி போகிறது. பம்புசெட்டு ஓடாவிட்டால் பயிர் காய்கிறது, நடவும் இல்லை, களையெடுப்பும் இல்லை. மின்சாரம் எங்கிருந்து வந்தால் என்ன, வரட்டுமே?

வரட்டும். மின்சாரத்திற்கு எதிராகக் கம்யூனிஸ்டு என்றைக்கும் பேசமாட்டான். உள்நாட்டு யுத்தத்தில் நொறுங்கிக் கிடந்த சோவியத் ருஷ்யா 1920இல் போட்ட முதல் பெரிய திட்டமே மின்சாரத் திட்டம்தான். நாம் கேட்பது வேறு. கடன் கொடுப்பவன் யார்? எந்த நாணயத்தில் திருப்பிக் கட்ட வேண்டும்? உலை எரியாவிட்டாலும் கடன் எரியுமா? கையெழுத்துப் போடுமுன் அந்த நாட்டு ஜனங்கள் பத்திரத்தைப் படித்துப் பார்த்தார்களா?

மற்ற மின் நிலையத்திற்கும் அணு மின் நிலையத்திற்கும் கணக்கில் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. நிலக்கரி நிலையத்தில் பாதிச் செலவு கரிக்கு; கரியை எரிக்க எரிக்கப் பணம் கொடுத்தால் போதும். அணு உலையில் எரிபொருள் செலவு குறைவு. செலவெல்லாம் கட்டுவதிலேயே போய்விடும். கட்டி முடிக்கப் பத்து ஆண்டு, சில இடங்களில் அதற்கும் மேல். அதுவரை ஒரு யூனிட் மின்சாரமும் இல்லை, ஒரு காசு வரவும் இல்லை. வட்டி மட்டும் இரவும் பகலும் வளரும். நூற்றுக்கு ஏழு வட்டி என்றால் பத்து ஆண்டில் கடன் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். கந்துவட்டிக்கு வாங்கித் தென்னந்தோப்பு வைத்தவனின் கதி என்னவாகும் என்று நம் விவசாயத் தோழர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பாளை விடுமுன் தோப்பு கைமாறிவிடும்.

பணக்கார அமெரிக்காவிலேயே இது நடந்தது. வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனி தெற்குக் கரோலினா மாகாணத்தில் இரண்டு உலை கட்டப் புறப்பட்டது. 900 கோடி டாலர் செலவான பிறகு 2017இல் வேலை பாதியிலேயே கைவிடப்பட்டது. கம்பெனியும் அதே ஆண்டு திவாலா மனு கொடுத்தது. கட்டாத உலைக்கு அந்த மாகாணத்து ஜனங்கள் மின் கட்டணத்தில் பணம் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்கத் தொழிலாளிக்கே இந்த கதி என்றால், முதல் உலை கட்டப் புறப்படும் ஏழை நாட்டின் கதி என்ன?

எரியாத உலைக்கு எரிந்த பணம்

பிலிப்பைன்ஸ் நாட்டின் கதையை விவரமாகச் சொல்ல வேண்டும். இந்த வியாபாரத்தின் முழு உருவமும் அதில் இருக்கிறது.

அந்த நாட்டில் 1972இல் ராணுவச் சட்டம் போட்டு ஜனநாயகத்தைக் குழிதோண்டிப் புதைத்தவன் சர்வாதிகாரி பெர்டினாண்ட் மார்க்கோஸ். தொழிற்சங்கத் தலைவர்களும் விவசாயிகளும் சிறையில் கிடந்த காலம் அது. அப்போது பட்டான் மாகாணத்தில் அணு மின் நிலையம் கட்ட முடிவாயிற்று. மின்சார வாரியம் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியோடு பேசிக்கொண்டிருந்தது. திடீரென்று காண்டிராக்டு வெஸ்டிங்ஹவுசுக்குப் போயிற்று. எப்படி? மார்க்கோசின் அந்தரங்க நண்பன் டிசினி என்பவன் நடுவில் தரகனாக நின்றான். அவன் கம்பெனியிடம் கமிஷன் வாங்கினான் என்று 2012இல் அந்நாட்டின் ஊழல் வழக்கு நீதிமன்றம் தீர்ப்பளித்தது; 2021இல் உச்ச நீதிமன்றமும் அதை ஊர்ஜிதம் செய்தது. தரகு வாங்கியது 1970களில். தீர்ப்பு வந்தது நாற்பது ஆண்டுக்குப் பிறகு!

வெஸ்டிங்ஹவுஸ் முதலில் சொன்ன விலை இரண்டு உலைக்கு 50 கோடி டாலர். கடைசியில் கிடைத்தது ஒரே உலை. செலவு 230 கோடி டாலர். அமெரிக்க சர்க்காரின் ஏற்றுமதி இறக்குமதி வங்கி இதற்குக் கடனும் கொடுத்தது, மற்ற வங்கிகள் கொடுத்த கடனுக்கு ஜாமீனும் நின்றது. விற்றவன் அமெரிக்கன், கடன் கொடுத்தவன் அமெரிக்கன், ஜாமீன் நின்றவன் அமெரிக்கன். அந்தச் சர்வாதிகாரியைத் தாங்கிப் பிடித்ததும் அதே அமெரிக்காதான். சுபிக், கிளார்க் என்ற இரண்டு பிரம்மாண்டமான ராணுவத் தளங்கள் அன்றைக்கு அந்த நாட்டில் அமெரிக்காவின் கையில் இருந்தன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

உலை கட்டிய இடத்திற்குப் பக்கத்தில் ஓர் எரிமலை. அது தூங்குகிறது, எழுந்திருக்காது என்றார்கள் நிபுணர்கள். பட்டான் ஜனங்கள் நம்பவில்லை. 1985 ஜூன் மாதத்தில் மூன்று நாள் மாகாணம் முழுவதும் பொது வேலைநிறுத்தம் செய்தார்கள். ராணுவச் சட்டத்தின் கொடுமையை அனுபவித்த ஜனங்கள், சர்வாதிகாரி இன்னும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கையிலேயே தெருவை நிரப்பினார்கள் என்றால் அந்தத் துணிச்சலை என்னவென்று சொல்வது!

1986 பிப்ரவரியில் மார்க்கோஸ் நாட்டைவிட்டு ஓடினான். ஏப்ரலில் செர்னோபில் விபத்து நடந்தது. புதிய சர்க்கார் பட்டான் உலையைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தது. அந்த உலையில் ஒரு விளக்குக்கூட எரியவில்லை. ஆனால் கடன்? சர்வாதிகாரி வாங்கிய கடன், தரகன் தின்ற கடன், எரியாத உலைக்கு வாங்கிய கடன். அத்தனையையும் அந்த ஜனங்கள் கட்டினார்கள். வட்டி மட்டும் ஒரு நாளைக்கு லட்சம் டாலருக்கு மேல் போயிற்று. கடைசித் தவணை கட்டி முடித்தது 2007இல். மார்க்கோஸ் ஓடிய ஆண்டில் பிறந்த குழந்தை வளர்ந்து ஆளாகி, வேலைக்குப் போய், தன் கூலியிலிருந்தும் வரி கொடுத்து அந்தக் கடனை அடைத்தது.

2011இல் அந்த நிலையத்தை உல்லாசப் பயணிகளுக்குத் திறந்துவிட்டார்கள். டிக்கெட் வாங்கிப் பார்க்கலாம்!

சிரிப்பதற்கு முன் இதையும் கேளுங்கள். 2022இல் அந்த நாட்டின் ஜனாதிபதியாக வந்திருப்பவர் அதே மார்க்கோசின் மகன். 2023 நவம்பரில் அமெரிக்காவோடு புதிய அணுசக்தி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 2024 அக்டோபரில், அந்தப் பழைய பட்டான் உலையைப் புதுப்பிக்க முடியுமா என்று ஆராய்வதற்குத் தென் கொரியக் கம்பெனி ஒன்றோடு உடன்படிக்கை ஆயிற்று. அப்பன் வாங்கிய உலைக்கு மகன் எண்ணெய் போடப் புறப்பட்டிருக்கிறான்.

பத்மா நதிக்கரையில்

இனி நம் அண்டை நாடான வங்கதேசத்திற்கு வருவோம். பத்மா நதிக்கரையில் ரூப்பூர் என்ற இடத்தில் இரண்டு உலைகள் கட்டுகிறார்கள். ஒவ்வொன்றும் 1200 மெகாவாட். கட்டுவது ருஷ்யாவின் அரசு நிறுவனமான ரோஸாட்டம். மொத்த மதிப்பு 1265 கோடி டாலர். அதில் 1138 கோடி டாலர், அதாவது நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு, ருஷ்யா கொடுக்கும் கடன். 2016இல் கையெழுத்தான கடன் ஒப்பந்தம் இது. போட்டி டெண்டர் கிடையாது. 

பணம் எப்படிப் புரண்டது என்பதற்கு ஒரு சிறிய உதாரணம் போதும். அங்கே வேலை செய்பவர்களுக்குக் கட்டிய குடியிருப்பில் ஒரு தலையணையின் விலை 5957 டாக்கா என்று கணக்கெழுதினார்கள். அந்தத் தலையணையை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போன கூலி 760 டாக்கா! 2019இல் இது வெளியே வந்து நாடே சிரித்தது. நாள் முழுவதும் மூட்டை தூக்கும் தொழிலாளிக்கு எத்தனை நாளில் 760 டாக்கா கிடைக்கும் என்று அந்தக் கணக்கை எழுதியவன் யோசித்திருப்பானா? தலையணையிலேயே இவ்வளவு பஞ்சு பறந்தால் உலையில் எவ்வளவு பறந்திருக்கும் என்று வங்காளித் தொழிலாளி கேட்டதில் தப்பில்லை.

இந்த இடத்தில் நம் மூத்த தோழர்கள் சிலருக்கு மனம் சங்கடப்படலாம். ருஷ்யாவின் உதவியையா குறை சொல்கிறாய்? பிலாய் உருக்காலையை மறந்துவிட்டாயா?

மறக்கவில்லை. பிலாயை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். 1955இல் சோவியத் யூனியன் பிலாய்க்குக் கொடுத்த கடனுக்கு வட்டி நூற்றுக்கு இரண்டரை. பன்னிரண்டு தவணை. எல்லாவற்றையும்விட முக்கியமான சரத்து, கடனை ரூபாயில் கட்டலாம் என்பது. அந்த ரூபாயைக் கொண்டு சோவியத் நாடு நம்மிடமே சரக்கு வாங்கிக்கொள்ளும். அதாவது நம் தொழிலாளியும் விவசாயியும் தங்கள் உழைப்பால் அந்தக் கடனை அடைத்தார்கள். டாலர் தேடிப் பிறர் வாசலில் நிற்க வேண்டிய அவசியமே இல்லை.

ரூப்பூர் கடன் எப்படி? டாலரில் கணக்கு. வட்டி எப்படி நிர்ணயம்? லண்டன் வங்கிகள் தங்களுக்குள் கொடுக்கல் வாங்கல் செய்த வட்டியோடு ஒன்றே முக்கால் சேர்த்து, நூற்றுக்கு நாலுக்கு மேல் போகாமல். டாக்காவிற்கு மாஸ்கோ கொடுக்கும் கடனுக்கு லண்டன் முதலாளியின் வட்டி அளவுகோல்! அந்த லண்டன் வட்டிக் கணக்கே பிற்பாடு வழக்கொழிந்து போயிற்று என்பது வேறு விஷயம். மற்ற கடன்காரர்களோடு ஒப்பிட்டால் வட்டி அதிகமில்லை. நியாயத்தைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் சோவியத் யூனியன் 1991இல் போய்விட்டது. 2007இல் உண்டான ரோஸாட்டம் ஒரு பெரிய வியாபார நிறுவனம். பிலாய்க்குக் கொடுத்த மரியாதையை இதற்கும் அப்படியே தூக்கிக் கொடுக்க வேண்டும் என்று எந்த மார்க்ஸும் சொல்லவில்லை.

டாலர் கடனில் என்ன கஷ்டம் என்பது 2022இல் தெரிந்தது. உக்ரைன் யுத்தம் மூண்டதும் அமெரிக்கா ருஷ்ய வங்கிகளின் மேல் தடை போட்டது. வங்கதேசம் வட்டி கட்டத் தயார். ஆனால் டாலர் போவதற்கு வழி இல்லை! டாலரின் வாசற்படியில் அமெரிக்கா உட்கார்ந்திருக்கிறது. 2023 ஏப்ரலில் 31 கோடியே 80 லட்சம் டாலர் பாக்கியைச் சீன நாணயத்தில் கட்டலாம் என்று பேசி முடித்தார்கள். அதுவும் சுலபமாக நடக்கவில்லை. கடன் வாங்கியது மாஸ்கோவில், தடை போட்டது வாஷிங்டன், வழி தேடியது பீக்கிங் வரையில். திண்டாடியது டாக்கா.

அதற்கு முன் 2022 டிசம்பரில் ரூப்பூருக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு ஒரு ருஷ்யக் கப்பல் வந்தது. அது தடைப் பட்டியலில் உள்ள கப்பல், பெயரை மாற்றிக்கொண்டு வருகிறது என்று அமெரிக்கத் தூதராலயம் எச்சரித்தது. வங்கதேச சர்க்கார் கப்பலைத் துறைமுகத்திற்குள் விடவில்லை. கப்பல் நம் ஹால்டியா துறைமுகத்தில் சரக்கை இறக்கப் பார்த்தது. இங்கும் நடக்கவில்லை; திரும்பிப் போயிற்று. ஒரு நாடு தன் கடனில், தன் ஜனங்களுக்காக வாங்கிய சாமானைத் தன் துறைமுகத்தில் இறக்கிக்கொள்ள முடியவில்லை. இதுதான் இன்றைய உலகத்தில் சுதந்திரம்.

2024 ஆகஸ்டில் மாணவர்களும் ஜனங்களும் எழுந்து ஷேக் ஹசீனாவின் ஆட்சியை விரட்டினார்கள். ஆட்சி போயிற்று, அடமானப் பத்திரம் போகவில்லை. மார்க்கோசின் கடனைப் போலவே இதுவும் அடுத்த ஆட்சியின் தலையில், அதற்கடுத்த ஆட்சியின் தலையில் உட்கார்ந்திருக்கும். தவணை முடிய இருபத்தெட்டு ஆண்டு.

துருக்கியின் அக்குயு உலைகளில் தினுசு வேறு. அங்கே 2010 ஒப்பந்தப்படி கட்டுவதும் ரோஸாட்டம், சொந்தக்காரனும் ரோஸாட்டம், நடத்துவதும் ரோஸாட்டம். துருக்கிக்குக் கடன் இல்லையே என்று சந்தோஷப்பட வேண்டாம். முதல் இரண்டு உலைகளின் மின்சாரத்தில் நூற்றுக்கு எழுபது பங்கை, யூனிட்டுக்கு 12.35 அமெரிக்க சென்ட் விலையில் 15 ஆண்டு வாங்கியே தீர வேண்டும் என்று சரத்து. வேறிடத்தில் மின்சாரம் மலிந்தாலும் இந்த விலை மலியாது. விதை நெல் கொடுத்துவிட்டு, அறுவடையன்று களத்திலேயே மரக்காலோடு வந்து நிற்கும் மிராசுதாரைத் தஞ்சைத் தோழர்களுக்குத் தெரியும்.

எகிப்தில் எல் தபா என்ற கடற்கரையில் நாலு உலை. ருஷ்யக் கடன் 2500 கோடி டாலர். தவணை தொடங்குவது 2029இல். அந்த நிலம் தங்களுடையது என்று சொல்லி 2012 ஜனவரியில் ஊர் ஜனங்கள் உள்ளே புகுந்து உட்கார்ந்து போராடினார்கள்.

பணக்கார நாடு வாங்கினால் இந்தத் தொல்லை இல்லையே என்று கேட்கலாம். ஐக்கிய அரபு எமிரேட்டுகள் பணக்கார நாடுதான். எண்ணெய்ப் பணம் கொட்டிக் கிடக்கிறது. அது 2009இல் தென் கொரியாவிடம் 2000 கோடி டாலருக்கு நாலு உலை வாங்கிற்று. அதே 2009இல் ரகசியமாக ஒரு ராணுவ உடன்படிக்கையும் நடந்திருக்கிறது. எமிரேட்டுகளுக்கு ஆபத்து வந்தால் கொரியப் படை வந்து சண்டை போட வேண்டும் என்று அதில் இருந்ததாகக் கொரியாவின் முன்னாள் ராணுவ மந்திரியே 2018இல் ஒப்புக்கொண்டார். கொரியப் பார்லிமெண்டுக்குத் தெரியாது, ஜனங்களுக்கும் தெரியாது. அந்தப் படைக்குப் போகும் சிப்பாய் யார் வீட்டுப் பிள்ளை? உலை விற்ற கம்பெனி டைரக்டரின் பிள்ளையா?

யானையும் அங்குசமும்

கடனை ஒரு வழியாகக் கட்டி முடித்தாலும் கயிறு விடுவதில்லை. உலைக்கு எரிபொருள் வேண்டுமே! உலையை விற்றவனிடமே எரிபொருளுக்கும் கையேந்த வேண்டிய நிலைதான் புது நாடுகளுக்கு ஏற்படுகிறது. யானையை விற்றுவிட்டு அங்குசத்தைத் தன் கையிலேயே வைத்துக்கொள்ளும் வியாபாரம் இது.

இதில் நாமே பாடம் படித்தவர்கள். நம் நாடும் ஒரு காலத்தில் இந்தத் துறைக்குப் புதிய நாடுதான். 1963இல் அமெரிக்காவோடு ஒப்பந்தம் செய்து, 8 கோடி டாலர் அமெரிக்கக் கடனில் தாராப்பூர் உலைகளை ஜெனரல் எலெக்ட்ரிக் கட்டிக் கொடுத்தது. முப்பது ஆண்டுக்கு எரிபொருள் கொடுப்போம் என்று எழுதிக் கொடுத்தார்கள். 1974இல் போக்ரானில் வெடிச் சோதனை நடந்தது. 1978இல் அமெரிக்கா தன் நாட்டில் ஒரு புதுச் சட்டம் போட்டு, அதைக் காட்டி எரிபொருளை நிறுத்தப் பார்த்தது. எழுதிக் கொடுத்த பத்திரம் என்னவாயிற்று? 1982இல் பிரான்சிடம் போய் வாங்க வேண்டியதாயிற்று. பாகிஸ்தானுக்கும் இதே அனுபவம். கராச்சி உலைக்கு 1976இல் கனடா எரிபொருளை நிறுத்திவிட்டது. இரண்டு நாட்டு ஆட்சியாளர்களும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்தார்கள். அங்குசம் வைத்திருந்தவன் இருவரையும் குத்தினான்.

இன்னொன்று, விபத்து நடந்தால் யார் பொறுப்பு என்ற சங்கதி. விற்பவன் பொறுப்பேற்க மாட்டான். வாங்கிய நாடுதான் சுமக்க வேண்டும் என்பது இந்த வியாபாரிகளின் பொது விதி. போபாலைக் கண்ட நம் நாட்டில் 2010 சட்டத்தின் 17ஆவது பிரிவு, குறையுள்ள சாமான் கொடுத்தவனிடம் நஷ்ட ஈடு கேட்கலாம் என்று ஒரு வழி வைத்திருந்தது. அந்தப் பிரிவு இருக்கும்வரை வரமாட்டோம் என்று வெஸ்டிங்ஹவுஸ் போன்றவை முரண்டு பிடித்தன. 2025 டிசம்பரில் மோடி சர்க்கார் புதிய சட்டம் கொண்டுவந்து அந்த வழியை அடைத்துவிட்டது. தனியார் முதலாளிகளுக்கும் அணு மின்சாரத்தில் கதவைத் திறந்துவிட்டது. எதிர்க் கட்சிகளின் ஆட்சேபம் காற்றில் போயிற்று.

அப்படியானால் ஏழை நாடு உலையே வாங்கக்கூடாதா என்று கேட்டால், அதை அந்தந்த நாட்டு ஜனங்கள் கணக்குப் பார்த்து முடிவு செய்யட்டும் என்பதே நம் பதில். வியத்நாம் அப்படித்தான் செய்தது. 2009இல் அதன் தேசிய சபை நின் துவான் பகுதியில் உலைகள் கட்ட அனுமதித்தது. ஒன்றுக்கு ருஷ்யா, இன்னொன்றுக்கு ஜப்பான் என்று ஏற்பாடு. ஏழு ஆண்டில் மதிப்பீடு இரண்டு மடங்காகிவிட்டது. 2016 நவம்பரில் கணக்கு சபையின் முன் வந்தது. நாட்டின் கடன் சுமை தாங்காது என்று சொல்லித் திட்டத்தை நிறுத்திவிட்டார்கள். அதனால் ருஷ்யாவும் ஜப்பானும் கோபித்துக்கொண்டு உறவை முறித்துக்கொள்ளவில்லை. 2024 நவம்பரில், மின்சாரத் தேவை பெருகியிருக்கிறது என்று அதே சபைதான் திரும்பத் தொடங்க முடிவு செய்தது. பிலிப்பைன்ஸ் ஜனங்களுக்கு 1970களில் அப்படி நிறுத்தும் வாய்ப்பு இருந்திருந்தால் 2007 வரை வட்டி கட்டியிருக்க வேண்டாம்.

ஆந்திராவில் கொவ்வாடா கடற்கரையில் ஆறு வெஸ்டிங்ஹவுஸ் உலைகள் வைக்கும் பேச்சு பல ஆண்டாக நடந்துவருகிறது. தெற்குக் கரோலினாவில் பாதியில் நின்றதும் அதே மாதிரி உலைதான். ஒரு யூனிட் என்ன விலை, கடன் எந்த நாணயத்தில், எரிபொருள் யாரிடம், காலம் தாழ்ந்தால் வட்டி யார் தலையில், விபத்து நடந்தால் கம்பெனி என்ன கொடுக்கும்? கையெழுத்துக்கு முன்னால் இந்தச் சரத்துகளைப் பார்லிமெண்டில் வைக்க வேண்டும் என்று நம் மில் சங்கங்களும் விவசாயத் தொழிலாளர் சங்கங்களும் அடுத்து வரும் மகாநாடுகளில் தீர்மானம் போட்டு டில்லிக்கு அனுப்ப வேண்டும். வங்காளத் தோழர்களும் ரூப்பூர்ப் பத்திரத்தை முழுவதும் வெளியிடச் சொல்லிக் கேட்கட்டும். நம் தீர்மானத்தின் ஒரு பிரதியை டாக்காவில் உள்ள தொழிற்சங்கங்களுக்கும் தபாலில் சேர்க்கலாம்.